போலீஸில் எந்தப் பிரிவு? நான் நாலு வருஷம் தொலைத்துத் தெரிந்துகொண்டது

போன மாதம் லீவில் வீட்டுக்கு வந்திருந்தேன். தெருமுனை பிரௌசிங் சென்டர் வாசலில் ஒரு பையன் என்னைப் பிடித்துக்கொண்டான். எதிர்ச்சந்தில் இருக்கிறவன், டிகிரி கடைசி வருஷம். "அண்ணா, நான் சைபர் கிரைம்ல சேரணும். எங்கண்ணா அப்ளை பண்றது?" என்றான். 2017-ல் இதே கேள்வியை நானும் ஒருவரிடம் கேட்டேன். பதில் சொன்னவர் என்னிடம் 95,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். பையனிடம் நின்ற இடத்திலேயே அரை மணி நேரம் பேசியும் பாதிகூடச் சொல்லி முடியவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இப்போது நான் பணியில் இருப்பதால் எந்த அணி, எந்த ஊர் என்று எழுத முடியாது. பணம் வாங்கியவர்கள் பெயரையும் எழுதவில்லை. அந்த மாதிரி இடங்கள் ஊரில் ஒன்றிரண்டு இல்லை, ஒரு பெயரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

எங்கள் வீடு காசிமேடு. அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறவர், அம்மா ஏலத்தில் மீன் எடுத்து விற்கிறவர். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அந்த இரண்டு மாதம் வீடு கடனில்தான் ஓடும். நான் பி.எஸ்சி. வேதியியல் படித்தேன், எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. முடித்ததும் மணலியில் ஒரு கம்பெனி லேபில் வேலை கிடைத்தது, மாதம் 11,000. ஆனால் மனசு முழுக்க போலீஸ்தான். அதிலும் காக்கிச் சட்டை போட்டு வெயிலில் நிற்கிற போலீஸ் இல்லை. கொலை நடந்த இடத்தில் கையுறை மாட்டிக்கொண்டு ரேகை எடுக்கிறார்களே, அந்த போலீஸ். எங்கள் பகுதியில் போலீஸ் என்றால் ஸ்டேஷன், ஜீப், லத்தி, அவ்வளவுதான் தெரியும். உள்ளே எத்தனை பிரிவு, எதில் எப்படி நுழைவது என்று கேட்க ஆளில்லை. தெரிந்த ஒரே போலீஸ்காரர் அம்மாவிடம் மீன் வாங்க வரும் ஒரு ஏட்டையா. அவரிடம் போய்க் கேட்க எனக்குக் கூச்சம். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. பத்து நிமிஷக் கூச்சத்துக்கு நான் கொடுத்த விலை ரொம்ப அதிகம்.

சைபர் கிரைமும் தடய அறிவியலும் சேர்ந்த ஒரு வருஷ டிப்ளமோ என்று ஒரு நோட்டீஸ் கையில் கிடைத்தது. போனேன். ஏ.சி. அறை, சுவரில் பூதக்கண்ணாடி படம், டை கட்டிய ஒருவர். "இந்த சர்டிபிகேட் இருந்தா டிபார்ட்மெண்ட்ல முன்னுரிமை தம்பி. நேரா ஃபோரன்சிக், நேரா சைபர் செல்" என்றார். எந்த அறிவிப்பில் அந்த முன்னுரிமை எழுதியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. அம்மாவின் மூன்று சவரன் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது. முதலில் 50,000, மூன்று மாதம் கழித்து 45,000. வகுப்பு பகலில் என்பதால் மணலி வேலையையும் விட்டேன். வட்டியோடு சேர்த்து அந்தச் சங்கிலி திரும்பி வந்தபோது 1,17,000 ரூபாய் போயிருந்தது. விட்ட சம்பளம் ஒரு வருஷத்துக்கு 1,32,000. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகப் பார்க்க எனக்கு இரண்டு வருஷம் தைரியம் வரவில்லை.

சொல்லிக்கொடுத்தது பொய் என்று சொல்ல மாட்டேன். கைரேகைப் பாடம் எனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. உலகத்தின் முதல் கைரேகைக் கூடம் 1897-ல் கல்கத்தாவில் தொடங்கியது என்று படித்தேன். லூப், வோர்ல், ஆர்ச் என்று ரேகைகளைப் பிரிக்கக் கற்றேன். வீட்டில் இருக்கிறவர்களின் பத்து விரலையும் மையில் ஒற்றிக் கொண்டுவரச் சொன்னார்கள். அம்மாவுடையது அழகாக விழுந்தது, வலது ஆள்காட்டி விரலில் மட்டும் குறுக்கே வஞ்சிரம் வெட்டிய தழும்பு. அப்பா கடலிலிருந்து வந்து கை கழுவிவிட்டு உட்கார்ந்தார். கட்டை விரலை உருட்டி எடுத்தேன். வெறும் கறுப்புத் திட்டு. மறுபடி துடைத்து, மையை மெல்லிசாகத் தடவி எடுத்தேன். அதே திட்டு, நடுவில் ரெண்டு மூன்று கோடு. முப்பது வருஷமாக வலைக்கயிறும் ஐஸும் தேய்த்த விரல்கள். "என்னடா, எனக்கு ரேகையே இல்லையா? அப்போ நான் திருடினா மாட்ட மாட்டேனா?" என்று அப்பா சிரித்தார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

இதில் கொடுமை என்னவென்றால், நான் அந்த வகுப்பில் உட்கார்ந்து ரேகை எண்ணிக்கொண்டிருந்த அதே 2018-ல்தான் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் கைரேகைப் பிரிவு எஸ்.ஐ. பணிக்கு 202 இடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டது. தகுதி, அறிவியல் பட்டம். என் பி.எஸ்சி.யே போதும்! டிப்ளமோ எதுவும் தேவையில்லை. அந்த நிறுவனத்தில் ஒருவர்கூட எங்களிடம் இதைச் சொல்லவில்லை. அவர்களுக்கே தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன், தெரிந்திருந்தால் அதற்கும் தனியாக ஒரு கிளாஸ் போட்டுக் காசு வாங்கியிருப்பார்கள். என்னோடு காலேஜில் கடைசி பெஞ்சில் இருந்த ஒருவன் அதற்கு எழுதியிருந்தான். அடுத்த வருஷம் அவன் போன் செய்து, "மச்சான், நீதானே இதைப் பத்தியே பேசிட்டு இருப்ப, ஏன்டா அப்ளை பண்ணல?" என்று கேட்டான். போனை வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். அன்று இரவு சாப்பிடவில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவும் இல்லை, சங்கிலி அப்போது அடகில்தான் இருந்தது.

அதற்கப்புறம்தான் வாரியத்தின் பழைய அறிவிப்புகளை ஒவ்வொன்றாக இறக்கி, வரி வரியாகப் படிக்க ஆரம்பித்தேன். ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரத்தில் தெரிந்துகொண்டது அந்த ஒரு வருஷ டிப்ளமோவில் தெரியவில்லை. நான் படித்த வரைக்கும் சொல்கிறேன்: பிரிவு என்பதை வெளியிலிருந்து தேர்ந்தெடுக்க முடியாது. வெளியிலிருந்து தேர்ந்தெடுக்க முடிவது வாசலை மட்டும்தான். பத்தாம் வகுப்பை வைத்து இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு எழுதினால் ஆயுதப்படை, தமிழ்நாடு சிறப்புக் காவல் படை என்று இரண்டு வாசல். அதே பொதுத் தேர்விலேயே சிறைக் காவலர், தீயணைப்பாளர் பதவிகளும் வரும். பெண்களுக்குக் காவலர் பணி ஆயுதப்படையில் மட்டும்தான். டிகிரி இருந்தால் எஸ்.ஐ.; அதில் தாலுகா (அதாவது ஸ்டேஷன் வேலை), ஆயுதப்படை, சிறப்புக் காவல் படை என்று இருக்கும், எல்லா வருஷமும் மூன்றும் வருவதில்லை. தொழில்நுட்ப எஸ்.ஐ., கைரேகை எஸ்.ஐ. எல்லாம் தனி அறிவிப்பு, எப்போதாவதுதான் வரும். சைபர் கிரைம், சி.பி.சி.ஐ.டி., பொருளாதாரக் குற்றப்பிரிவு, சிலைக் கடத்தல் தடுப்பு, கியூ பிராஞ்ச் இதெல்லாம் ஏற்கனவே துறைக்குள் இருக்கிறவர்களை எடுத்துக்கொள்ளும் இடங்கள். சைபர் கிரைம் காவலர் என்று தனியாக ஆள் கேட்ட அறிவிப்பு ஒன்றையும் நான் பார்க்கவில்லை. அப்புறம் அந்தக் கையுறை ஆசாமிகள்! தடய அறிவியல் துறை போலீஸே இல்லை. காக்கி கிடையாது, தனித் துறை. அதன் இளநிலை அறிவியல் அலுவலர் பணிக்கு ஆள் எடுப்பது டி.என்.பி.எஸ்.சி. அங்கே போக ஆசைப்படுகிறவன் ஓடிப் பழகத் தேவையில்லை, மேலே படிக்க வேண்டும். எனக்கு இது 21 வயதில் தெரிந்திருந்தால் எம்.எஸ்சி. சேர்ந்திருப்பேன்.

எங்காவது பணம் கட்டச் சொன்னால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். "இந்தச் சான்றிதழுக்கு மதிப்பெண் உண்டு என்று வாரியத்தின் எந்த அறிவிப்பில், எந்தப் பக்கத்தில் இருக்கிறது, காட்டுங்கள்." சிறப்பு மதிப்பெண் என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டு மூன்றுக்கும்தான். நம் பக்கத்துப் பையன்களுக்கு விளையாட்டுக்குக் குறைச்சலே இல்லை. வியாசர்பாடியில் ஃபுட்பால், ராயபுரத்தில் பாக்ஸிங், சந்துக்குச் சந்து கேரம். ஆனால் கப்பும் மெடலும் அங்கே செல்லாது. வாரியம் கேட்கிற படிவத்தில், கையெழுத்துப் போட வேண்டியவர் கையெழுத்தோடு சான்றிதழ் இருக்க வேண்டும். விளையாடி முடித்த வருஷமே வாங்கி வைக்காவிட்டால், பிறகு சங்கத்துச் செயலாளரைத் தேடி அலைய வேண்டிவரும். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்த ஒவ்வொரு பள்ளியிலும் அதற்குச் சான்று வாங்க வேண்டும். கார்ப்பரேஷன் பள்ளியில் படித்த நம்மில் பாதிப் பேருக்கு இந்த ஒதுக்கீடு கிடைக்கும், அதில் பாதிப் பேர் அந்தச் சான்றை வாங்குவதில்லை. ஐந்தாம் வகுப்புக்கு மேல் இல்லாத ஒரு பள்ளியைத் தேடி நானே மூன்று நாள் அலைந்தேன், அது வேறு பள்ளியோடு சேர்க்கப்பட்டிருந்தது.

சரி, 2019. எஸ்.ஐ.க்கு 969 இடம் என்று வந்தது, 500 ரூபாய் கட்டினேன். காவலருக்கு 8,826 இடம், 130 ரூபாய். டிகிரி வைத்திருக்கிறவன் ரெண்டுக்கும் போட வேண்டும் என்கிற புத்தி அதற்குள் வந்திருந்தது. எஸ்.ஐ. எழுத்துத் தேர்வில் உளவியல், கணக்குப் பகுதியில் விழுந்தேன், அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, படித்தது போதவில்லை. காவலர் எழுத்துத் தேர்வில் தேறினேன். உடல்தகுதித் தேர்வில் உயரம் 170-க்கு 173, மார்பு 81, விரித்தால் 86 வேண்டும், அதெல்லாம் தாண்டியது. அப்புறம் 1,500 மீட்டர் ஓட்டம், ஏழு நிமிஷம். நான் தினமும் ஓடியது துறைமுகத்துப் பக்கம் நேர் ரோட்டில், போனில் தூரம் அளந்து. எங்கள் கரையில் மணல் இல்லை, கடலரிப்புக்குக் கொட்டிய பாறாங்கல்தான் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வழி நெடுக. ரோட்டில் எனக்கு ஆறு நிமிஷம் நாற்பது விநாடி. மைதானத்தில் அது நாலு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. கூட ஓடுகிறவர்கள் எல்லாரும் முதல் சுற்றில் பறந்தார்கள், நானும் பறந்தேன். மூன்றாவது சுற்றில் விலாவில் பிடித்துக்கொண்டது. வளைவில் வெளிப்பக்கமே ஓடியதில் எவ்வளவு தூரம் கூடுதலாக ஓடினேனோ தெரியாது. ஏழு நிமிஷம் ஒன்பது விநாடி. கயிறு ஏற, நீளம் தாண்டவெல்லாம் எனக்கு வாய்ப்பே வரவில்லை, அங்கேயே வெளியே.

ஒன்பது விநாடி! பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது, கர்ச்சீப்பை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிற மாதிரி வந்தேன். வீட்டில் அம்மா ஒன்றும் கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டு சோற்றைப் போட்டு வைத்தார். நீங்கள் பழகும்போது வாரத்தில் இரண்டு நாளாவது 400 மீட்டர் சுற்றுள்ள மைதானத்தில், உள்கோட்டை ஒட்டி, பத்துப் பேரோடு சேர்ந்து ஓடிப் பாருங்கள். முதல் சுற்றை ஒரு நிமிஷம் ஐம்பது விநாடிக்கு விடுங்கள், மற்றவர்கள் பறக்கட்டும். தனியாக ஓடுவதும் கும்பலில் ஓடுவதும் வேறு வேறு. கயிறு ஏறப் பழக எங்கள் பக்கம் இடமில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம், படகுக் கயிற்றில் ஏறிப் பழகியவன் நான்; தேர்வில் மதிப்பெண் ஸ்டார் கணக்கில்தான், ஐந்து மீட்டருக்கு ஒரு ஸ்டார், ஆறு மீட்டருக்கு இரண்டு. இன்னொன்று, கண்ணை முதலிலேயே பார்த்துவிடுங்கள். எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் காலையில் வரிசையில் நின்றால் நிறக்குருடு இருக்கிறதா என்று மதியத்துக்குள் தெரிந்துவிடும். எங்கள் கோச்சிங்கில் ஒருவன் ஓட்டம், எழுத்து எல்லாவற்றிலும் முதல். மருத்துவப் பரிசோதனையில் புள்ளிப் படத்துக்குள் இருந்த எண் அவனுக்குத் தெரியவில்லை. மூன்று வருஷ உழைப்பு அந்த ஒரு படத்தில் போனது.

இப்போது வடசென்னைக்காரன் என்பதால் மட்டும் சொல்ல வேண்டிய ஒரு விஷயம், கொஞ்சம் சங்கடமானது. என் கூட்டாளி ஒருவன், பெயர் வேண்டாம், தெருவில் ஒரு திருவிழா அடிதடியில் அவன் பேரும் எஃப்.ஐ.ஆரில் ஏறியிருந்தது. அவன் அன்றைக்கு அந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தான், அவ்வளவுதான். சாட்சிகள் வராமல் கேஸ் தள்ளுபடி ஆனது. "முடிஞ்ச கேஸ்தானே" என்று விவரப் படிவத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டான். எல்லாத் தேர்விலும் தேறி, சொந்த ஊர் விசாரணையில் மாட்டினான். வழக்கு என்னவானாலும், மறைத்ததற்கே வேலை போய்விடும். இது தொடர்பாக 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாகச் சொல்லியிருக்கிறது. உண்மையைச் சொன்னால்கூட வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று அதில் இல்லை, வழக்கின் தன்மையைப் பார்த்து அதிகாரிகள் முடிவு செய்யலாம். சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை என்று தீர்ப்பில் ஒரு வரி இருந்தால் அதையும் நமக்கு எதிராகத்தான் பார்ப்பார்கள். ஆகவே கேஸ் இருந்தால் எழுதுங்கள், தீர்ப்பு நகலை இணையுங்கள், ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு எழுதுங்கள். போலீஸ் வேலைக்குப் படிக்கிறவன் ராத்திரி பதினொரு மணிக்குத் தெருமுனையில் கும்பலாக நிற்காமல் இருப்பது அதைவிட நல்லது. நம் ஊரில் 75 (நகரக் காவல் சட்டத்தின் 75-வது பிரிவில் சின்ன கேஸ்) போடுவதற்குப் பெரிய காரணம் தேவைப்படாது, பொது இடத்தில் சத்தம் போட்டான் என்றால் போதும்.

2020-ல் மறுபடி அறிவிப்பு, 10,906 இடம். டிசம்பர் 13 எழுத்துத் தேர்வு. கொரோனாவால் உடல்தகுதித் தேர்வு தள்ளித் தள்ளி 2021 ஜூலை கடைசியில் நடந்தது. ஆறு நிமிஷம் முப்பத்தொன்று. கயிற்றில் இரண்டு ஸ்டார். இதைச் சொல்லும்போது இப்போதும் நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் என் வாழ்க்கையைத் தீர்மானித்தது அந்த ஓட்டம் இல்லை, அதற்குப் பத்து மாதம் முன்னால் பிரௌசிங் சென்டரில் போன ஐந்து நிமிஷம். விண்ணப்பத்தில் எந்தத் துறை முதலில் வேண்டும் என்று வரிசைப்படுத்தும் இடம் வந்தது. வெளியே பத்துப் பேர் நிற்கிறார்கள், கரண்ட் வேறு போய்ப் போய் வருகிறது. கணினி முன்னால் இருந்த அண்ணன், "எது போட்டா என்னப்பா, எல்லாம் போலீஸ்தானே, சீட்டு அதிகமா இருக்கறதை முதல்ல போடுறேன்" என்றார். நானும் தலையாட்டினேன். இவ்வளவு படித்து, அறிவிப்பையெல்லாம் வரி வரியாக மேய்ந்த நான்! நேரடியாக அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. கிடைத்தது தமிழ்நாடு சிறப்புக் காவல் படை. பேச்சுவழக்கில் பட்டாலியன். ஆங்கிலச் சுருக்கத்தில் அது டி.எஸ்.பி. என்று வரும், எங்கள் அத்தை அதைக் கேட்டுவிட்டு, அண்ணன் மகன் டி.எஸ்.பி. ஆகிவிட்டான் என்று தெரு முழுக்க லட்டு கொடுத்துவிட்டார். அதைத் திருத்த எனக்கு ஒரு வாரம் ஆனது. இன்னும் சிலர் நம்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பட்டாலியன் மோசம் என்று நான் சொல்லவில்லை. அது என்ன என்று தெரியாமல் போய் நின்றதுதான் என் தப்பு. ஏழு மாதப் பயிற்சி, காலை நாலரைக்கு விசில், ஃபாலின், பரேடு. அது முடிந்ததும் ஒரு கம்பெனியில் போடுவார்கள். கம்பெனி எங்கே போகிறதோ அங்கே நீ. கோயில் திருவிழா, தலைவர்கள் வருகை, கலவரம் என்றால் பந்தோபஸ்து, தேர்தல் என்றால் வேறு மாநிலம்கூட. கல்யாண மண்டபம், பள்ளிக்கூடத் தரை, அங்கேயே படுக்கை. முதல் தீபாவளிக்கு வீட்டுக்கு வர முடியவில்லை, இரண்டாவது பொங்கலுக்கும் இல்லை. வழக்கு எழுதுவது, விசாரிப்பது, சாட்சியைப் பார்ப்பது, ரேகை எடுப்பது எதுவும் கிடையாது. ஆயுதப்படையில் சேர்ந்தவர்களுக்கு மாவட்டத்திலேயே வேலை; கைதி வழிக்காவல், காவல் பணி, பந்தோபஸ்து. அங்கிருந்து சீனியாரிட்டிப்படி தாலுகா ஸ்டேஷனுக்குப் போவார்கள். பட்டாலியனில் இருக்கிறவன் முதலில் ஆயுதப்படைக்கு வர வேண்டும், அப்புறம்தான் ஸ்டேஷன். ஆக ஸ்டேஷனுக்குள் நுழைய எனக்கு ஒரு படி அதிகம், வருஷக் கணக்கில். விண்ணப்பத்தின் அந்தத் துறை வரிசைக் கட்டத்தில் ஒன்றும் இரண்டும் மாறி விழுந்ததன் விலை அது. நாம் போட்ட வரிசையையும் மதிப்பெண்ணையும் பார்த்துத்தான் ஒதுக்குவார்கள், நான் ஆயுதப்படையை முதலில் போட்டிருந்தாலும் கிடைத்திருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் கேட்டிருக்கலாமே என்கிற நினைப்பு பாரா டூட்டியில் ராத்திரி இரண்டு மணிக்கு நிற்கும்போது வரும் பாருங்கள், அது ஒரு மாதிரி.

முதல் ஒரு வருஷம் யாரிடமும் சரியாகப் பேசமாட்டேன். ராஜினாமா கடிதம் எழுதிப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன். அப்புறம் 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். சென்னையே தண்ணீரில் நின்றது. மீட்புக்கு எங்களை அனுப்பினார்கள். ரப்பர் படகு ஒன்று, எங்களில் ஆறு பேர். ஒரு தெருவுக்குள் தண்ணீர் இழுப்பு இருந்தது, படகு திரும்பாமல் கேட்டில் போய் மோதியது. கூட இருந்தவர்கள் எல்லாரும் உள்மாவட்டத்துக்காரர்கள், துடுப்பை இரு பக்கமும் ஒரே நேரத்தில் போட்டார்கள். நான் பின்னால் போய் உட்கார்ந்து ஒரு துடுப்பைச் சுக்கான் மாதிரி பிடித்துக்கொண்டேன், மற்றவர்களை வலது பக்கம் மட்டும் போடச் சொன்னேன். படகு அப்படியே திரும்பியது. முதல் மாடியிலிருந்து ஒரு பாட்டியை நாற்காலியோடு இறக்கினோம். நாளெல்லாம் அதே வேலை, மதியம் யாரோ கொடுத்த பிரெட். சாயங்காலம் எங்கள் இன்ஸ்பெக்டர், "நீ எந்த ஊர்யா?" என்று கேட்டார். காசிமேடு என்றேன். "அதான்" என்றார். பேரிடர் மீட்புப் பயிற்சிக்கு விருப்பம் தெரிவித்து எழுதிக் கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன். ராஜினாமா கடிதம் இப்போது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கைரேகை ஆசை போய்விட்டதா என்றால் இல்லை. ஆனால் எனக்குப் பிடித்திருந்தது ரேகையா, கையுறை போட்ட அந்த உருவமா என்பதில் எனக்கே இப்போது சந்தேகம் இருக்கிறது.

சிறப்புப் பிரிவுகளுக்கு உள்ளிருந்து போவது எப்படி என்று பையன்கள் அதிகம் கேட்கிறார்கள். உள்ளே வந்த பிறகு சுற்றறிக்கை வரும், இந்தப் பிரிவுக்கு ஆள் வேண்டும், விருப்பமுள்ளவர்கள் எழுதிக் கொடுங்கள் என்று. கணினி தெரிந்தவனை சைபர் பக்கம் கூப்பிடுவார்கள், நன்றாக எழுதுகிறவன் ரைட்டர் ஆவான், நாய் மேல் பிரியமுள்ளவன் துப்பறியும் நாய்ப் பிரிவுக்குப் போவான், வண்டி ஓட்டுகிறவன் மோட்டார் பிரிவுக்கு. உன் கையில் உண்மையாகவே என்ன இருக்கிறது என்பதுதான் அங்கே கேள்வி. டிப்ளமோ காகிதத்தை இதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. ஐந்து வருஷம் சர்வீஸ் ஆனால் எஸ்.ஐ. தேர்வில் துறை ஒதுக்கீடு 20 சதவீதம் இருக்கிறது. நான் அதற்குத்தான் மறுபடி கணக்குப் பாடம் போட்டுக்கொண்டிருக்கிறேன். காவலருக்கான அடிப்படைச் சம்பள விகிதம் 18,200-லிருந்து, எஸ்.ஐ.க்கு 36,900-லிருந்து தொடங்குகிறது. வித்தியாசம் இரண்டு மடங்கு. டிகிரி முடித்தவன் எஸ்.ஐ.க்கு ஒரு வருஷம் கூடுதலாகப் படித்தாலும் நஷ்டமில்லை, வயது இருக்கிற வரைக்கும். வயதை மட்டும் கவனியுங்கள்: காவலருக்கு இப்போது பொதுப் பிரிவு 26, பி.சி., எம்.பி.சி. 28, எஸ்.சி., எஸ்.டி. 31.

அந்தப் பையன் மறுநாள் காலையில் வந்தான். மைதானத்தில் ஓடவிட்டேன். ஏழு நிமிஷம் முப்பத்து நாலு. மூச்சு வாங்கிக்கொண்டே, "பரவாயில்லையாண்ணா?" என்றான். பரவாயில்லை, இன்னும் குறைக்கணும் என்றேன். டீக்கடையில் உட்கார்ந்து ஏன் சைபர் கிரைம் என்று கேட்டேன். அவன் அம்மாவுக்கு ஒரு போன் வந்து, ஓ.டி.பி. சொல்லி, 18,000 போய்விட்டதாம். அதைக் கண்டுபிடிக்கணும்ணா என்றான். எனக்கு இல்லாத காரணம் இவனிடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை. ராத்திரி வேலை ஒத்துவருமா, வீட்டைவிட்டு மாசக்கணக்கில் இருக்க முடியுமா, எழுத்து வேலை பிடிக்குமா என்று கேட்டதற்கு எல்லாவற்றுக்கும் சரி சரி என்றான். எல்லாவற்றுக்கும் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அதனால் ஞாயிற்றுக்கிழமை அவனைப் புழலில் சிறைக் காவலராக இருக்கும் என் நண்பன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். அங்கிருந்து ஆயுதப்படையில் இருக்கிற இன்னொருவன் வீடு, அவன் மனைவியிடமும் பேசச் சொல்லியிருக்கிறேன். அம்மாவிடம் மீன் வாங்கும் அந்த ஏட்டையா இப்போது ரிட்டையர் ஆகிவிட்டார், அவரையும் பார்க்க வேண்டும். விண்ணப்பத்தை என் போனிலேயே திறந்து வைத்திருக்கிறோம். பெயர், முகவரி, படிப்பு எல்லாம் போட்டாகிவிட்டது. அந்த ஒரு கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது.